இவர்கள், அவர்கள், நாங்கள்

ஜேடர்பாளையம்
சித்திரபானு வருடம், மார்கழி 12

தம்பி குழந்தைவேலுக்கு அக்கா மயிலம்மாள் எழுதுவது. நானும் அத்தையும் உடம்பால் சுகமாக இருக்கிறோம். அந்தத் தேசத்துக் குளிர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா, வேளைக்குச் சாப்பாடு கிடைக்கிறதா என்று எழுது. மற்றதைக் கேட்கக் கை வரவில்லை. இருந்தாலும் கேட்கத்தான் வேண்டும்.

செவ்வாய்க்கிழமை தந்தி வந்தது. அத்தை பொன்னாத்தாள் பெயருக்கு வந்திருந்தது. சேவகன் கையில் காகிதத்தைப் பார்த்ததுமே அத்தை களத்தில் உட்கார்ந்துவிட்டார். எனக்குத் தெரிந்தது தமிழ் எழுத்து மட்டும்தானே, பள்ளிக்கூட வாத்தியாரைக் கூட்டிவந்து படிக்கச் சொன்னேன். உன் மச்சானின் பெயரைச் சொல்லி, லாரி டிரைவர், ஈராக்கில் காணவில்லை என்று படித்தார்.

"காணோம்னா என்னுங்க, செத்துட்டான்னு அர்த்தமுங்களா?" என்று அத்தை கேட்டார்.

"இல்லீங்க. காணோம்னா காணோம், அவ்வளவுதானுங்க" என்றார் வாத்தியார்.

சின்ன மாமனார் தங்கசாமி அதைக் காதில் வாங்கவே இல்லை. "பொணம் கெடைக்கலீன்னா பட்டாளத்துல அப்படித்தான் எழுதுவானுங்க. கந்தப்பன் போயிட்டான். ஆவ வேண்டியதப் பாக்கோணும்" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நீயும் உன் மச்சானும் ஒரே நாளில் சேலத்தில் பெயர் கொடுத்து ஒரே பட்டாளக் கம்பெனியில் சேர்ந்தவர்கள். கார்த்திகையில் வந்த உன் கடிதத்தில் "மச்சான் சுகம்" என்று எழுதியிருந்தாய். அதை வாசலில் நின்று ஊருக்கே படித்துக் காட்டியது நான். அந்தத் தேதிக்கு அவர் உன் பக்கத்தில் இருந்தாரா, இல்லையா? இதற்கு மட்டும் மழுப்பாமல் பதில் எழுது.

மயிலம்மாள்

ஈராக்
18 ஜனவரி 1943

அக்கா அவர்களுக்குத் தம்பி குழந்தைவேல் வணக்கம். நான் சுகம். அத்தைக்கும் என் வணக்கத்தைச் சொல்லுங்கள், அவர் சாப்பாட்டை விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடிதத்தை ஒட்டுவதற்கு முன் இங்கே ஓர் அதிகாரி படிப்பார், அங்கே வாசலில் ஊரே கேட்கும். ஊர்ப் பெயர், ஆற்றின் பெயர் எதையும் எழுதக் கூடாது என்பது உத்தரவு.

நீங்கள் கேட்டதற்குப் பதில், இல்லை. அந்தத் தேதிக்கு மச்சான் என் பக்கத்தில் இல்லை. அதற்கு முந்தின வாரமே வண்டிகளோடு வடக்கே போனவர் திரும்பவில்லை. எப்படியும் கண்டுபிடித்துவிடலாம், பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று நம்பி அப்படி எழுதிவிட்டேன். திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

நடந்தது இதுதான். அன்று நல்ல மழை. வரிசையில் கடைசி வண்டி அவருடையது. மறுநாள் போய்ப் பார்த்தபோது லாரி ஒரு வாய்க்காலில் சரிந்து கிடந்தது, கதவு திறந்திருந்தது. இரத்தம் இல்லை. அவருடைய கம்பளியையும் காணோம். சாகிற மனிதர் கம்பளியை எடுத்துக்கொண்டா போவார் அக்கா? அவர் எங்கேயோ இருக்கிறார்.

சுபேதார் நல்ல மனிதர். வாரத்தில் ஒரு நாள் போய் விசாரிக்க அனுமதி கொடுத்திருக்கிறார். ஆனால் ஆற்றோரத்துச் சனங்களுக்கு அரபியைத் தவிர வேறு பேச்சு தெரியாது. அதனால் அரபி படிக்கத் தொடங்கியிருக்கிறேன். கம்பெனியில் ஒரு சின்னப் புத்தகம் கொடுத்தார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் ஜப்பார், என் வயதுக்காரன்தான், எனக்கு அரபி சொல்லித் தருகிறான். பதிலுக்கு நான் அவனுக்கு இந்துஸ்தானி சொல்லித் தருகிறேன். எனக்கே அது அரைகுறை என்பது அவனுக்கு இன்னும் தெரியாது.

தவறாமல் கடிதம் போடுகிறேன். தைரியமாக இருங்கள்.

குழந்தைவேல்

ஜேடர்பாளையம்
தை 25

தம்பிக்கு அக்காவின் ஆசீர்வாதம். எனக்குக் காய்ச்சல் வந்து நின்றது, இப்போது தேவலை. அத்தைக்கு முழங்கால் வலி. உனக்குத் திட்டு பாக்கி இருக்கிறது, நேரில் வரும்போது வாங்கிக்கொள்.

கம்பளி சமாச்சாரத்தை வாசலில் படித்தபோது அத்தை எழுந்து நின்றுவிட்டார். "கேட்டீங்களா கொழுந்தனாரே, எம் பையன் போர்வைய எடுத்துட்டுப் போயிருக்கறான்" என்று சின்ன மாமனாரைப் பார்த்துச் சொன்னார். தந்தி வந்ததிலிருந்து என்னோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்த அத்தை அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டார். உன் மச்சான் உயிரோடு இருக்கிறார் என்று சொல்ல இந்த ஊரில் நாங்கள் இரண்டு பேர்தான்.

சின்ன மாமனார் விடுவதாக இல்லை. வீட்டில் காரியம் செய்யாமல் சாவுத் தீட்டை வைத்துக்கொண்டிருக்கிறோமாம், அதனால்தான் அவருடைய எருமை கன்று போட்டதும் செத்ததாம். "புள்ளை குட்டியும் இல்லை. எத்தனை நாளைக்கு அந்தப் புள்ளை தாலியப் போட்டுட்டுத் திரியறது?" என்று என் காதுபடவே பேசுகிறார். காரியம் முடிந்தால் வெற்றிலைக் கொடிக்காலும் வாய்க்கால் மேட்டு நிலமும் அவர் மக்கள் கைக்குப் போகும். அதை மட்டும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்.

நீ அங்கே சனங்களிடம் என்ன சொல்லிக் கேட்கிறாய்? அந்தச் சொற்களை எனக்கு எழுது. வெறுமனே உட்கார்ந்து தபாலை எதிர்பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. நீ கேட்கிற கேள்வியை நானும் இங்கிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். சிரிக்காதே.

மயிலம்மாள்

ஈராக்
28 பிப்ரவரி 1943

அக்காவுக்கு வணக்கம். காய்ச்சலை அசட்டை செய்யாதீர்கள், கஷாயம் குடியுங்கள். எனக்கு மணலால் கண் எரிச்சல், வேறு குறை இல்லை.

சிரிக்கவில்லை. சொற்களை எழுதுகிறேன். நாங்கள் என்பதற்குப் புத்தகத்தில் நஹ்னு, கடைத்தெருவில் இஹ்னா. நீங்கள் என்றால் அன்தும். அவர்கள் என்றால் ஹும். எல்லோரும் பெண்களாக இருந்தால் ஹுன்ன. ஆனால் ஒரு கூட்டம் பெண்களுக்கு நடுவில் ஓர் ஆண் வந்து நின்றாலும் உடனே ஹும் ஆகிவிட வேண்டுமாம். பக்கத்தில் நிற்கிற இவர்களுக்கு ஹாஉலாயி, தூரத்தில் இருக்கிற அவர்களுக்கு உலாயிக. இதைச் சொன்னால் ஜப்பார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறான். ஹாஉலாயி என்று பேசினால் மௌல்வி வந்துவிட்டார் என்று நினைப்பார்களாம். ஜனங்கள் ஹதோலா என்றுதான் சொல்வார்கள், தூரத்தவர்கள் ஹதோலாக். வீட்டார் என்பதற்கு அஹ்ல்.

ஒரே ஓர் ஆளைத் தேடுகிறவனுக்கு இத்தனை பன்மை எதற்கு என்று நினைப்பீர்கள். இங்கே எந்த வீட்டில் கேட்டாலும் "ஹதோலாக்" என்று ஆற்றுக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள். அவர்களைக் கேள், அவர்களுக்குத் தெரியும் என்று அர்த்தம். எந்த அவர்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்வதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிடுகிறது.

போன வாரம் ஒரு கிழவரிடம் மரியாதையாகப் பேச வேண்டுமே என்று நம் வழக்கப்படி "அன்தும்" என்றேன். அவர் திரும்பிப் பார்த்தார், தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று. இங்கே பெரியவரானாலும் ஒருவரென்றால் ஒருவர்தான், 'ங்க' போட இடமே இல்லை. அப்பா வயதுக்காரரை நீ என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை அக்கா.

கடைசியில் நல்ல சேதி. ஒரு படகுக்காரன், அக்கரையில் நாணல் வீடுகள் இருக்கும் பக்கம், கால் ஒடிந்த ஒரு ஹிந்தியை யாரோ தூக்கிப் போனார்கள் என்றான். இந்த ஊரில் நம் எல்லோருக்கும் பெயர் ஹிந்திதான். அடுத்த விடுமுறைக்குப் போகிறேன்.

குழந்தைவேல்

ஜேடர்பாளையம்
பங்குனி 10

தம்பிக்கு ஆசீர்வாதம். எல்லோரும் சுகம். கண்ணுக்கு நல்ல தண்ணீர் விட்டுக் கழுவு, கசக்காதே.

கால் ஒடிந்த ஹிந்தி என்று படித்ததும் அத்தை அழுதார், அழுதுகொண்டே சிரித்தார். காலோடு போயிற்றே என்று அன்றைக்கே மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தோம். ஒரு கால் ஒடிந்ததற்குப் பொங்கல் வைத்த வீடு எங்களுடையதாகத்தான் இருக்கும்.

சொற்களையெல்லாம் மனப்பாடம் செய்துவிட்டேன். வெற்றிலை கிள்ளும்போது சொல்லிக்கொண்டே கிள்ளுகிறேன். கொடிக்காலில் நாங்கள் பெண்கள் எல்லோரும் வேலை செய்கிறோம், வரப்பில் சின்ன மாமனார் மகன் ஒருவன் வந்து நிற்கிறான், உடனே வேலை அவன் செய்ததாகிவிடுகிறது. ஹுன்ன, ஹும் ஆகிற சங்கதி எனக்கு ஒரு தடவையிலேயே விளங்கிவிட்டது. ஒன்றுதான் புரியவில்லை. நாம் என்பதற்கும் நாங்கள் என்பதற்கும் அவர்களிடம் ஒரே சொல்லா? அப்படியானால் பேசுகிறவர் நம்மையும் சேர்த்துச் சொல்கிறாரா, தள்ளி வைத்துச் சொல்கிறாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இனிமேல் எழுதுவதுதான் முக்கியம். சின்ன மாமனார் ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிவிட்டார். ஆடிப் பதினெட்டு வரைக்கும் பொறுப்பார்களாம். அன்றைக்கு ஆற்றங்கரையில் சுமங்கலிகள் எல்லோரும் தாலிக்குப் புதுக் கயிறு மாற்றுவார்கள் அல்லவா, அதற்குள் உன் மச்சானிடமிருந்து ஒரு வரியாவது வந்தால் நானும் ஆற்றில் இறங்கிக் கயிறு மாற்றலாம். வராவிட்டால் அதற்கு முந்தின நாள் காரியம் செய்து என் கழுத்தில் இருப்பதைக் கழற்றிவிடுவார்கள். "உசுரோட இருக்கறவனுக்குக் காரியம் பண்ணுனா எம் பொணத்தத் தாண்டித்தான் பண்ணோணும்" என்றார் அத்தை. எல்லோரும் கலைந்து போனார்கள். ஆனால் நாள் நாளாகத்தான் இருக்கிறது.

சீக்கிரம் அக்கரைக்குப் போ. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன்.

மயிலம்மாள்

ஈராக்
4 ஏப்ரல் 1943

அக்காவுக்கு வணக்கம். கண் ஆறிவிட்டது. எல்லோருடைய சுகத்துக்கும் எழுதவும்.

போனேன். படகை விட்டு இறங்கியதும் நாய்கள் குரைத்தன, குழந்தைகள் ஓடி ஒளிந்தார்கள், ஒவ்வொரு வீட்டிலும் பாயை இழுத்து மூடினார்கள். என் சட்டையைப் பார்த்துவிட்டார்கள். பட்டாளத்துச் சட்டை அந்தக் கரைக்கு வந்தால் யாரையாவது பிடித்துக்கொண்டு போவதற்குத்தான் வரும் என்பது அவர்கள் கணக்கு. ஒரு கிழவர் மட்டும் வெளியே வந்தார். புத்தகத்தில் படித்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் கேட்டேன். இவர்கள் யார், அவர்கள் எங்கே, உங்கள் வீட்டாரில் கால் ஒடிந்தவர் உண்டா என்று. எல்லாவற்றுக்கும் இல்லை, இல்லை என்று தலையை ஆட்டினார். பேசும்போது ஒரு வீட்டை மட்டும் அவர் பார்க்கவே இல்லை. மற்ற எல்லா வீட்டையும் பார்த்தார்.

அந்த வீட்டில்தான் இருக்கிறது விஷயம் என்று என் மனதுக்குப் படுகிறது. இந்தச் சட்டையோடு இன்னும் பத்துத் தடவை போனாலும் பாய் திறக்காது. வேறு மாதிரி போக வேண்டும். அது எப்படி என்று எழுத முடியாது, எழுதுகிற இடமும் இது இல்லை.

நீங்கள் கேட்டீர்களே நாம், நாங்கள் என்று. ஜப்பாரைக் கேட்டேன். அவனுக்குக் கேள்வியே புரியவில்லை. இஹ்னா என்றால் இஹ்னா, அதில் நீ உண்டா இல்லையா என்பது சொல்கிறவன் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடுமே என்றான்.

குழந்தைவேல்

ஜேடர்பாளையம்
சுபானு வருடம், சித்திரை 22

தம்பி, நீ எப்படி இருக்கிறாய்? இதைத்தான் முதலில் எழுதத் தோன்றுகிறது. இங்கே அத்தையும் நானும் இருக்கிறோம், சுகம் என்று எழுதினால் பொய்.

வேறு மாதிரி போகிறேன் என்று எழுதினாய், அதற்குப் பிறகு கடிதமே இல்லை. இடையில் நான் ஒரு கடிதம் போட்டேன், அதற்கும் பதில் இல்லை. தபால்காரர் நம் தெருவைத் தாண்டும்போது என் முகத்தைப் பார்க்காமல் போகப் பழகிவிட்டார். புருஷனைத் தேடத் தம்பியை அனுப்பி, தம்பியையும் தொலைத்துவிட்டேனோ என்று நினைத்தால் சோறு இறங்கவில்லை. சட்டையைக் கழற்றிவிட்டுப் போனாயா? அப்படிப் போனால் தண்டனை என்று வெள்ளியங்கிரியின் அம்மா சொல்கிறார். திருச்செங்கோட்டிலிருந்து உங்கள் கம்பெனிக்குப் போன வெள்ளியங்கிரிதான். அவன் வீட்டுக்கு ஒழுங்காகக் கடிதம் வருகிறது.

சின்ன மாமனார் மனைவி காளியாத்தாள் நேற்று வந்தார். "அம்மிணி, மஞ்சக் கயிறு வாங்கி வைக்காத. வீணாப் போயிரும்" என்று இரக்கமாகத்தான் சொன்னார். எனக்குக் கெட்ட கோபம் வந்துவிட்டது. "நாங்க வாங்கியாச்சுங்க" என்றேன். வாங்கவில்லை. அவர் போன பிறகு சந்தைக்குப் போய் வாங்கி வந்தேன்.

ஒரே ஒரு வரி எழுது. நீ இருக்கிறாய் என்று மட்டும் எழுது.

மயிலம்மாள்

ஈராக்
25 மே 1943

அக்காவுக்கு வணக்கம். நான் சுகம். சட்டையைக் கழற்றிவிட்டுப் போனதற்காகச் சில நாள் எழுத முடியாத இடத்தில் இருந்தேன், இப்போது வேலைக்குத் திரும்பிவிட்டேன். அதைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை.

நான் தேடிய மனிதர் அந்த வீட்டில் இல்லை. சுபேதாரிடம் அப்படித்தான் சொன்னேன். உங்களுக்கும் அப்படியே எழுதுகிறேன்.

ஆனாலும் அந்த வீட்டைப் பற்றி எழுதலாம், அதில் தப்பில்லை. ஜப்பாரின் அங்கியைப் போட்டுக்கொண்டு போனேன். பாயைத் தூக்கிவிட்டு ஓர் ஆள் வெளியே வந்தான். இடது காலைச் சாய்த்துச் சாய்த்து நடந்தான். என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டான். நான் நம் பாஷையில் கூப்பிட்டேன். உள்ளே கூட்டிப்போய் மோரும் பேரீச்சம்பழமும் கொடுத்தான். அங்கே ஒரு கிழவர், ஒரு பெண், இரண்டு குழந்தைகள். சின்னது ஊர்ந்து வந்து அவன் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டது, அவன் அதைத் தள்ளவில்லை. புறப்படு என்று நம் பாஷையில்தான் சொன்னேன். அவன் அவர்களைக் கையால் காட்டி அரபியில் பதில் சொன்னான்.

"ஹதோலா அஹ்லி."

நான் "இஹ்னா?" என்று கேட்டேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

வாசலில் எதைப் படிப்பது, எதை விடுவது என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை அக்கா.

குழந்தைவேல்

ஜேடர்பாளையம்
ஆனி 5

தம்பிக்கு ஆசீர்வாதம். நீ உடம்போடு திரும்பி வந்ததே போதும். அத்தை சுகம். நன்றாகவே இருக்கிறார்.

நீ எழுதிய ஆள் யாரென்று எனக்குத் தெரியும். அவன் சொன்னதற்கும் நீ அர்த்தம் எழுத வேண்டியிருக்கவில்லை. இவர்கள் என் வீட்டார். கொடிக்காலில் எத்தனை நாள் சொல்லிப் பார்த்த சொல், வாசலில் எல்லோர் முன்னாலும் நின்று படிக்கும்போது கண்ணில் பட்டது. நான் நிறுத்தவில்லை. "மச்சான் உயிரோடு இருக்கிறார். கால் ஒடிந்து ஆறிவருகிறது. நல்ல மனிதர்கள் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். யுத்தம் முடிகிற வரைக்கும் இதை வெளியே சொல்ல வேண்டாம்" என்று காகிதத்தைப் பார்த்துக்கொண்டே படித்தேன். இதில் எந்த வரியும் பொய் இல்லை.

அத்தை கற்பூரம் கொளுத்தினார். சின்ன மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். இனிமேல் காரியப் பேச்சு இல்லை, ஆற்றுக்குப் போகலாம். ஊரே என்னைக் கண்டு சிரிக்கிறது, நானும் திரும்பச் சிரிக்கிறேன். கன்னம் வலிக்கிறது.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். என்னைக் கேட்டாரா?

மயிலம்மாள்

ஈராக்
10 ஜூலை 1943

அக்காவுக்கு வணக்கம். வெள்ளியங்கிரி விடுமுறையில் வருகிறான், அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். அதிகாரி கண்ணுக்குப் போகாது. நீங்களும் வாசலில் படிக்க வேண்டாம். எல்லாவற்றையும் திறந்தே எழுதுகிறேன்.

மறுபடியும் மச்சானைப் பார்த்தேன். இந்தத் தடவை தமிழில் பேசினார். லாரி சரிந்த அன்று அந்த வீட்டுக் கிழவர்தான் அவரைச் சேற்றிலிருந்து இழுத்து எடுத்திருக்கிறார். மாதக்கணக்கில் படுக்கை. எழுந்து நடக்கும்போது கம்பெனிக்குத் திரும்பப் பயம் வந்துவிட்டது, ஓடிப்போனவன் என்று விலங்கு போடுவார்களே என்று. அந்தப் பெண் கிழவரின் மகள். அவளுடைய புருஷன் ஆற்றில் போய்விட்டான். குழந்தைகள் மச்சானை அப்பா என்றுதான் கூப்பிடுகின்றன. "பயம் இப்ப இல்லீடா. வர மனசில்லை" என்றார். நான் கெஞ்சினேன், திட்டினேன், கையைக்கூட ஓங்கிவிட்டேன். அடித்துக்கொள் என்று சும்மா உட்கார்ந்திருந்தார்.

பிறகு அத்தையின் முழங்கால் வலியைப் பற்றிக் கேட்டார். கொடிக்காலுக்குப் புதுக்கொடி நட்டார்களா, சிவலைக் காளை இருக்கிறதா, விற்றுவிட்டார்களா என்று கேட்டார். மேட்டூரில் இந்த வருடம் தண்ணீர் எப்போது திறந்தார்கள் என்று கேட்டார். தங்கசாமி மாமா வரப்பைத் தள்ளிப் போட்டிருப்பாரே என்று சொல்லிச் சிரித்தார். பிறகு படகு வந்துவிட்டது, நான் புறப்பட்டேன்.

இப்போது நீங்கள் சொல்ல வேண்டும். சுபேதாரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மச்சானைப் பிடித்துக்கொண்டு வந்துவிடுவார்கள். கொஞ்ச காலம் ஜெயில், அப்புறம் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். உங்களுக்குப் புருஷன் திரும்பக் கிடைப்பார். சொல்லட்டுமா, வேண்டாமா? வெள்ளியங்கிரி திரும்பும்போது பதில் கொடுத்தனுப்புங்கள்.

குழந்தைவேல்

ஜேடர்பாளையம்
ஆடி 20

தம்பி குழந்தைவேலுக்கு அக்கா எழுதுவது. நான் சுகம். இதைச் சும்மா எழுதவில்லை, மெய்யாகவே சுகம். அத்தைக்கு முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. இந்தக் கடிதம் வெள்ளியங்கிரி கையில் வருகிறது.

சுபேதாரிடம் ஒன்றும் சொல்லாதே. விலங்கு மாட்டி இழுத்து வந்து என் முன்னால் நிறுத்தினால் அந்த ஆளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? அந்தக் குழந்தைகளிடமிருந்து பிடுங்கிய பாவம் வேறு இருக்கும். அவர் அங்கேயே இருக்கட்டும்.

நான் கேட்டது ஒன்று. நீ சிவலைக் காளை வரைக்கும் எழுதினாய், வரப்பு வரைக்கும் எழுதினாய். நான் கேட்டதற்கு எழுதவில்லை. எழுதாமல் விட்டதற்கு உன்மேல் எனக்குக் கோபமில்லை, நீ பாவம். அவர்மேல் கோபம் இருந்தது. வெள்ளியங்கிரி கடிதத்தைக் கொடுத்த நாளிலிருந்து ஆடிப் பதினெட்டு வரைக்கும் வயிறு எரிந்தது.

அன்றைக்குக் காவிரி இரு கரையும் தொட்டுப் போனது. அணைக்கட்டுக்குக் கீழே ஊர்ப் பெண்கள் எல்லோரும் இறங்கியிருந்தார்கள். அத்தை தன் கையாலேயே புதுக் கயிற்றுக்கு மஞ்சள் பூசிக் கொண்டுவந்திருந்தார். அவர் கரையில் நின்றார், நான் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றேன். புதுக் கயிறு கட்டிய பிறகுதான் பழையதை அவிழ்க்க வேண்டும், உனக்கும் தெரிந்திருக்கும். நான் பழையதை அவிழ்த்தேன்.

"அம்மிணி, புதுசக் கட்டிக்கிட்டு அவுக்கோணும்!" என்று காளியாத்தாள் கத்தினார். "மறந்துட்டாளாட்ட இருக்குது, பதட்டத்துல" என்று யாரோ சமாதானம் சொன்னார்கள். நான் கரை ஏறித் தாலியை அத்தை கையில் வைத்தேன். அவர் மஞ்சள் கயிற்றை நீட்டிக்கொண்டே இருந்தார். அதை நான் வாங்கவில்லை.

"உங்களுக்கு மகன் இருக்காருங்க அத்தை. எனக்குத்தான் புருசன் இல்லீங்க" என்றேன்.

அவருக்குப் புரிந்துவிட்டது. எந்த மட்டும் புரிந்தது என்று நான் கேட்கவில்லை. மற்றவர்கள் ஆளுக்கொன்று பேசினார்கள். அதற்குள் சின்ன மாமனார் கரைக்கு ஓடி வந்துவிட்டார். "பைத்தியம் புடிச்சிருச்சா இந்தப் புள்ளைக்கு? உசுரோட இருக்கறவன் தாலிய எவளாச்சும் அவுப்பாளா?" என்று குதித்தார். அதே தாலியை அறுக்க நாள் குறித்தவர் அவர்தான். அத்தை அவரை ஏறிட்டும் பார்க்காமல் என் முதுகில் கை வைத்துக் கூட்டிக்கொண்டு நடந்தார்.

வீட்டுக்கு வந்ததும், "எம் பையனுக்காவ இருந்தே. இனி உன்னை இருன்னு சொல்ல எனக்கு வாயில்லை. பொறந்தவூட்டுக்குப் போறதுன்னாலும் போ சாமி" என்றார். புதுக்கொடி நட்டிருக்கிறோம், வெயில் தாழ்ந்ததும் தண்ணீர் விட வேண்டும் அத்தை என்றேன். இருவரும் போய்த் தண்ணீர் விட்டோம். ஊர் என்ன பேசுகிறது என்று நீ கேட்க வேண்டாம், நிறையப் பேசுகிறது. எனக்கு ஒவ்வொரு நாளும் வெளியே போவது கஷ்டமாகத்தான் இருக்கிறது. போகிறேன்.

நீ மறுபடியும் அக்கரைக்குப் போனால் உன் மச்சானிடம் சொல். அம்மா சுகம். கொடி பிடித்துவிட்டது. சிவலையை விற்கவில்லை. தண்ணீர் காலத்தில் திறந்தார்கள். வரப்பு அப்படியே இருக்கிறது, நான் பார்த்துக்கொள்கிறேன்.

என்னைப் பற்றி ஒன்றும் சொல்லாதே. கேட்டாலும் சொல்லாதே.

உன் அக்கா
மயிலம்மாள்